கொட்டிலில் உண்ணி குறையவே இல்லை, உதவி தேவை
வணக்கம். முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம், காட்டோர வீடு. மாசியிலிருந்து உண்ணித் தொல்லை. இரண்டு பசு, ஒரு கன்று, ஒரு நாய். கன்றின் காதுக்குள் விரலை விட்டால் மல்லி விதை மாதிரிக் கொத்தாக அகப்படுகிறது. நாய்க்குப் பல் முரசு (ஈறு) வெளிறிவிட்டது. மிருக வைத்தியரிடம் காட்டி மருந்து நடக்கிறது.

வேப்பெண்ணெய் பூசினோம். அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தைக் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒருக்கால், மூன்று தடவை கழுவினோம். பத்து நாள் சரி, பிறகு பழையபடிதான். உண்ணி உடம்பை விட்டு இறங்கித்தானே ஆயிரக்கணக்கில் முட்டையிடும்? அதனால் கொட்டில் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்தேன், வேலியோரப் புல்லும் வெட்டினேன். ஆனால் மாடுகள் பகலில் மான், பன்றி திரியும் காட்டில்தான் மேய்கின்றன. கட்டிப்போடத் தீனி இல்லை. நேற்று சின்ன மகளின் காதுக்குப் பின்னாலும் ஒன்றைச் சாவணத்தால் எடுத்தேன். மனம் பதறிப்போச்சு.

காட்டில் மேயும் மாடு வைத்திருப்பவர்களே, எந்த மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை பாவித்து உண்ணியைக் குறைத்தீர்கள்?