பெல்லுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதத் தெரியும் என்றால் மிருகம் எதற்கு?

நூலகத்துப்பூனை:
பழைய தேவதைக் கதைகளை இன்றைய நகரங்களுக்கு இழுத்து வரும் காதல் நாவல்கள் ஆங்கிலத்தில் வரிசைகட்டி வருகின்றன. கடைசியாகப் படித்தது ஜாஸ்மின் கில்லரியின் ‘பை த புக்’ (2022). ‘அழகியும் மிருகமும்’ கதைதான், சாபத்தால் மிருகமான இளவரசனின் மாளிகையில் சிக்கும் பெல் என்ற அழகியின் கதை. இஸபெல் ஒரு பதிப்பகத்தில் கடைநிலை எடிட்டோரியல் வேலை பார்க்கிறாள். போ டவர்ஸ் என்ற பிரபலம் சுயசரிதை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டு இழுத்தடிக்கிறான். கலிபோர்னியாவில் அவன் மாளிகைக்கே போய் எழுத வைக்கிறேன் என்று இவளே கிளம்புகிறாள்.

விறுவிறுப்பாகத்தான் இருந்தது, ஒரே மூச்சில் முடித்தேன். ஆனால் 1740-ல் பிரான்சின் வில்நவ் சீமாட்டி எழுதிய மூலக் கதையில், அப்பா பறித்த ஒரு ரோஜாவுக்கு விலை அவர் உயிர். அது வேண்டாமென்றால் மகள் போக வேண்டும். இஸபெலுக்கு அப்படி என்ன நெருக்கடி? பிடிக்கவில்லை என்றால் டாக்சி பிடித்து ஏர்போர்ட் போகலாம், வேலையை விடலாம். வேறு வழியே இல்லை என்ற இடத்தில்தான் அந்தக் கதை பிறக்கிறது. அதை உருவிவிட்டால் பெரிய வீடும் நூலகமும் மட்டும்தானே மிஞ்சும்?

தேன்மொழி:
பூனை சார், “வேலையை விடலாம்”னு ஒரே வரியில சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு 25 வயசு. சம்பளம் போதாம இன்னும் அப்பா அம்மா வீட்டுலதான் இருக்கா. அந்த ஆபீஸ்ல கறுப்பினத்தவங்க விரல்விட்டு எண்ணுற அளவு. வாயைத் திறந்தா முத்திரை குத்துவாங்க, திறக்கலைன்னா பதவி உயர்வு கிடையாது. ஆசைப்பட்டுச் சேர்ந்த தொழில் கண்ணு முன்னாடியே கசந்துபோகுது. இதுதான் இன்னைக்கு வழியில்லாத நிலைமை. கதவைப் பூட்டி வெச்சாத்தான் சிறையா?

நூலகத்துப்பூனை:
ஒத்துக்கொள்கிறேன், அலுவலகம் சிறைதான். ஆனால் நீங்கள் சொல்வதே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. சிறை அலுவலகத்தில் இருக்கிறது, காதலனின் வீட்டில் இல்லை. பழைய கதையில் பயமுறுத்துகிறவனும் காதலிக்கப்படுகிறவனும் ஒரே ஆள். வில்நவ் கதையில் மிருகம் ராத்திரிதோறும் சாப்பாட்டு நேரத்தில் வந்து “என்னோடு படுக்கிறாயா?” என்று நேரடியாகவே கேட்கும். அவள் நடுங்கிக்கொண்டே “மாட்டேன்” என்பாள். முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரே அறையில் தள்ளிவிடப்பட்ட பெண்ணின் நடுக்கம் அது. கில்லரியின் நாயகனோ சிடுசிடுப்பான ஆள், அவ்வளவுதான். பயத்தைக் காதலனிடமிருந்து பிடுங்கி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டார்கள்.

கதைச்சிலந்தி:
அந்தக் கேள்வி 16 வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். லண்டனில் கவர்னஸாக, அதாவது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக, வேலை பார்த்த லெப்ரன்ஸ் த போமோன் 1756-ல் சிறுமிகளுக்காக அந்தக் கதையைச் சுருக்கியபோது “என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?” என்று மாற்றிவிட்டார். இன்று உலகத்துக்குத் தெரிந்தது அவருடைய கதைதான். ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் இதையே செய்தார்கள். 1812 முதல் பதிப்பில், கோபுரத்தில் அடைபட்ட ரபன்ஸல் “என் துணியெல்லாம் ஏன் இறுகிப்போகிறது?” என்று தன்னை அடைத்துவைத்தவளிடம் கேட்பாள். பிள்ளையுண்டாகியிருப்பது வாசகருக்குப் புரியும், அவளுக்குப் புரியாது. பிற்பாடு வந்த பதிப்புகளில் அந்த வரி காணாமல் போனது. அதற்கும் ஏறக்குறைய இரு நூற்றாண்டு முன்னால் இத்தாலியில் பசீலே எழுதிய தூங்கும் அழகி கதையைச் சபையில் சொல்லவே முடியாது. தூக்கத்திலேயே அவளுக்கு இரட்டைக் குழந்தை பிறக்கிறது. பல்லைப் பிடுங்கும் வேலை கில்லரியோடு தொடங்கவில்லை.

ராத்திரி வாசகன்:
ஆளாளுக்கு 1740, 1812னு போறீங்க. அட்டையைத் திருப்பிப் பாருங்க. இது டிஸ்னியோட ‘மென்ட் டு பி’ வரிசை. முதல் புத்தகம் ஜூலி மர்ஃபியோட ‘இஃப் த ஷூ ஃபிட்ஸ்’ (2021), சிண்ட்ரெல்லா கதை. அதுல சித்தியோட குடும்பப் பேரு ட்ரெமெய்ன். அது கிரிம்லயும் கிடையாது, பிரெஞ்சுல எழுதின பெரோலயும் கிடையாது, 1950ல வந்த டிஸ்னி படத்துல இருந்து வந்தது. ஆக, இதெல்லாம் நாட்டுப்புறக் கதையோட மறுசொல்லல் இல்ல, கார்ட்டூனோட மறுசொல்லல். பொம்மையும் பென்சில் டப்பாவும் விக்கிற கம்பெனி தன்னோட இளவரசனை நிஜமாவே பயங்கரமானவனா காட்ட விடுமா? என் கணிப்புதான், ஆனா அடிச்சுச் சொல்வேன்.

தேன்மொழி:
கம்பெனி யாருதா இருந்தா என்ன, எழுதுறவங்க மூளை அவங்களுதுதானே. அதே ஷூ புத்தகத்தையே எடுத்துக்குவோம். கிரிம் கதையில செருப்பு சேரலைன்னதும் அம்மாவே கத்தியை எடுத்துக் குடுத்து, கட்டைவிரலை வெட்டு, ராணி ஆயிட்டா நடக்கவே வேண்டாம்னு சொல்லுவா. அடுத்தவ குதிகாலை வெட்டிக்குவா. செருப்புல இருந்து ரத்தம் வழியும். பொண்ணோட உடம்பு ஒரு அளவுக்குள்ள அடங்கணும், இல்லைன்னா வெட்டணும். இதானே கதை? மர்ஃபி என்ன பண்றாங்க? சிண்டி குண்டான பொண்ணு. படிச்சது செருப்பு வடிவமைப்பு. அதே உடம்போட டிவில, ஊரே பார்க்குற ஜோடி தேடுற ரியாலிட்டி ஷோவுல போய் நிக்கிறா. செருப்புக்காகக் காலை வெட்டின கதையில, செருப்பையே வரையுறவளைக் கொண்டுவந்து நிறுத்துறாங்க. பழைய கதையை நல்லாப் படிச்சவங்களுக்குத்தான் இது தோணும் சார்.

நூலகத்துப்பூனை:
செருப்பு விஷயம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலில் சித்தி நல்லவள்! நிகழ்ச்சித் தயாரிப்பாளர், பாசக்காரி. சித்தி கொடுமையில் சிண்ட்ரெல்லா படுத்துக் கிடந்த சாம்பல் எங்கே? நவீனமாக எழுதினாலே இப்படித்தான் ஆகும் என்றும் சொல்லாதீர்கள். ஆங்கில எழுத்தாளர் ஆஞ்செலா கார்ட்டரின் 1979 சிறுகதைத் தொகுப்பில் இதே அழகியும் மிருகமும் கதை இரண்டு முறை வருகிறது. ஒன்றில் அப்பாவின் கார் பனியில் சிக்கிக்கொள்கிறது, மிருகத்தின் வீட்டில் டெலிபோன் இருக்கிறது. இன்னொன்றில் அப்பன் சீட்டாட்டத்தில் மகளையே தோற்கிறான். கடைசியில் புலி நக்க நக்க அவள் தோல் உரிந்து அவளும் மிருகமாகிறாள். டெலிபோன் வந்ததால் பயம் குறைந்துவிடவில்லையே.

கதைச்சிலந்தி:
கார்ட்டர் எழுதியது காதல் நாவல் இல்லை. இந்த வகைக்கு ஒரு எழுதாத ஒப்பந்தம் உண்டு, கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்தாக வேண்டும். ஆண்டர்சனின் கடற்கன்னி (1837) நாக்கை அறுத்துக் கொடுக்கிறாள், ஒவ்வொரு அடியும் கத்தி மேல் நடப்பதாக வலிக்கிறது, இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். இதே வரிசையில் ஸொரைடா கோர்டொவா எழுதிய ‘கிஸ் த கேர்ள்’ (2023) நாவல் இந்தக் கடற்கன்னி கதைதான், அதில் நாயகி ஏரியல் ஒரு பாப் பாடகி. யாரும் அவள் குரலைப் பிடுங்குவதில்லை. தான் யாரென்று தெரியாமலிருக்க அவளே அதை மறைத்துக்கொண்டு ஒரு இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போகிறாள். இந்த இடத்தில் எனக்கும் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அறுத்த நாக்கோடு சுப முடிவு எழுதச் சொன்னால் நீங்களாவது எப்படி எழுதுவீர்கள்?

ராத்திரி வாசகன்:
பூனை கேக்குற சரக்கு வேற கடையில இருக்கு. டார்க் ரொமான்ஸ்னு ஒரு அலமாரி. மாஃபியா தலைவன், அப்பா பட்ட கடன், அடைச்சு வெச்ச பொண்ணு. 1740 கதை அப்படியே இருக்கும். அதைப் படிச்சா இதே பூனை “ஆள் கடத்தலைக் காதல்னு எழுதுறாங்களே”ன்னு புதுத் திரி திறப்பாரு. காட்டுக்குள்ள மாளிகைன்னா மந்திரம். நியூயார்க்ல பூட்டி வெச்சா அது போலீஸ் கேஸு.

நூலகத்துப்பூனை:
திறப்பேன்தான்! போலீஸே இல்லாத காட்டில் நடக்கும் வரைக்கும் நமக்கு உறுத்துவதில்லை, மந்திரம் அதற்குத்தான் இருக்கிறது. அப்படியானால் நகரத்துக்குக் கொண்டுவருகிறவர் மந்திரத்துக்கு மாற்றாக ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். அலுவலகக் கெடு அதற்குப் போதாது என்கிறேன்.

கதைச்சிலந்தி:
மாற்று வில்நவ்விலேயே இருக்கிறது, போமோன் வெட்டி எறிந்த பாதியில். மிருகம் மனுஷனானதும் கதை முடிவதில்லை. இளவரசனின் தாய் ராணி வருகிறாள். போயும் போயும் வியாபாரி மகளா என் பிள்ளைக்கு என்று கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறாள். சாபம் தீர்த்தவள் என்ற நன்றிகூடக் கிடையாது. அப்புறம் இவள் பிறப்பிலேயே ராஜா மகள் என்று ஒரு தேவதை வந்து சொன்ன பிறகுதான் ராணி இறங்கி வருகிறாள்.

தேன்மொழி:
ஐயோ, 1740லயே மாமியார் அந்தஸ்து பார்த்திருக்காங்களா! இதுக்கு மந்திரமே வேண்டாமே. கில்லரி நாவல்லகூட ஒருத்தர் பங்களாக்காரர், ஒருத்தி சம்பளம் பத்தாத பொண்ணு. அந்த வித்தியாசத்துலயே ஒரு முழு நாவல் கிடக்கு.

ராத்திரி வாசகன்:
ஆனா கடைசியில “அவளும் ராஜா மகள்தான்”னு தேவதை வந்து காப்பாத்தக் கூடாது, சொல்லிட்டேன்.

நூலகத்துப்பூனை:
அப்படி ஒன்று வந்தால் முன்பதிவு செய்து வாங்குகிறேன். அதுவரை ‘டேங்கிள்ட் அப் இன் யூ’ (2024) கையில் இருக்கிறது, ரபன்ஸல் கதை. துணி இறுகும் வரி திரும்ப வருகிறதா என்று பார்க்கிறேன்.