சனி ஞாயிறு எங்க கூட்டிட்டுப் போறது?

மாடிவீட்டு கவிதா: வணக்கங்க எல்லாத்துக்கும். கோயமுத்தூர்ல இருந்து என் மாமனார் மாமியார் இந்த சனி ஞாயிறு மொதல் தடவையா காரைக்குடி வர்றாங்க. நாங்களே ஊருக்குப் புதுசு, வீடு ஆபீஸ்னே ஓடிருச்சு, எங்கயும் போகலைங்க. எங்க கூட்டிட்டுப் போறது, எங்க சாப்பிட வைக்கறதுன்னு சொல்லுங்க ப்ளீஸ். அத்தைக்கு முட்டி வலி, சைவம் வேற. மாமாவுக்கு காரம் ஆகாது

கடைக்கார சேகர்: பிள்ளையார்பட்டி தான் மொதல்ல. அப்புறம் திருமயம் கோட்டை

ராஜி டீச்சர்: பிள்ளையார்பட்டிக்கு ஞாயித்துக்கிழமை காலையிலயே கிளம்பிருங்க கவிதா, மத்தியானம் நடை சாத்திட்டா சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடக்கணும். பாறையிலயே குடைஞ்ச பிள்ளையாரு, ரெண்டே கை, வலம்புரித் தும்பிக்கை. அத்தை மலையேற வேண்டியதில்ல. வழியிலயே குன்றக்குடி, முருகன் மேல இருக்காரு, படி ஏற முடியலைன்னா அடிவாரத்துல குடைவரை சிவன் கோயில் இருக்கு அதையாவது பாக்கச் சொல்லுங்க, நெறைய பேரு அதக் கவனிக்காமலே மேல போயிர்றாங்க

முருகேசன் அண்ணன்: முட்டி வலிக்காரவங்கள கோட்டையில ஏத்தாதீங்கப்பா

முருகேசன் அண்ணன்: சனிக்கிழமை ஆத்தங்குடி போங்கம்மா. பெரிய வீட்டப் பாத்துட்டு உடனே திரும்பிராதீங்க, தரைக்குப் பதிக்கிற கல்லு, அதான் ஆத்தங்குடி டைல்ஸு, அது போடுற பட்டறை ஒண்ணுக்குள்ள போய்க் கேளுங்க, வேலை நாள்னா நின்னு பாக்க விடுவாங்க. கண்ணாடி மேல சட்டத்த வச்சு அதுக்குள்ள கலரு சிமெண்ட ஊத்துவாங்க, சட்டத்த எடுத்துட்டு மேல மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு காய வைப்பாங்க, அவ்வளவு தான், சூளையில சுடுறதே கிடையாது. அந்தக் கண்ணாடியால தான் அந்தப் பளபளப்பு வருது. கையாலயே பூ டிசைன ஊத்துறவங்களப் பாத்தாத்தான் வீட்டுக்குள்ள தரையோட அருமை தெரியும்

ராஜி டீச்சர்: 👌 கானாடுகாத்தானும் பக்கம் தான். தெருவுல நடந்தாலே போதும், ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல், அம்புட்டு நீள வீடுக. பர்மா தேக்குத் தூணெல்லாம் மாமாவுக்குப் புடிக்கும்

மாடிவீட்டு கவிதா: சூப்பருங்க டீச்சர். அத்தைக்கு சேலை எடுக்கணுங்களே

ராஜி டீச்சர்: கண்டாங்கி எடுங்க. காட்டன், கட்டம் போட்டு பட்டை பார்டர் வரும், 2019ல புவிசார் குறியீடு கெடச்சது. கைத்தறி தானான்னு கேட்டு வாங்குங்க

கடைக்கார சேகர்: பழைய பித்தளை, எனாமல் பாத்திரம்னா முனீஸ்வரன் கோயில் தெரு

மாடிவீட்டு கவிதா: சாப்பாடுங்க?

மீனாட்சி ஆச்சி: ஆத்தா நான் சொல்றேன். செட்டிநாட்டு சமையல்னா வெறும் காரம்னு வெளியூர்ல நெனைக்கிறாக அது எனக்கு மனசு பொறுக்காது, மசாலாவ அன்னன்னைக்கு வறுத்து அரைக்கிறது தான் இங்க ருசி. உன் வீட்டுக்காரர் வேணும்னா கோழி, காடைன்னு சாப்பிடட்டும், மத்த ரெண்டு பேருக்கும் பலகாரம் குடு. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், பால் பணியாரம், கும்மாயம், இதுல எது காரம் சொல்லு? வெள்ளைப் பணியாரத்துக்கு ஒரு ஆழாக்கு பச்சரிசி அளந்து அது மேலயே கோபுரமா உளுந்தக் குமிச்சு அளக்கணும், அதான் கணக்கு, ஊத்துனா நடுவுல உப்பி பஞ்சா வரும். தொட்டுக்கிற சட்னி தான் காரம், மாமாவுக்கு அத விட்ரு

முருகேசன் அண்ணன்: வெளிய உக்காந்து வாழை இலையில சாப்பிடணும்னா 'பங்களா'ன்னு ஒரு ஓட்டல் இருக்கு, அங்க போலாம். போன் போட்டு முன்னாடியே சொல்லிரணும், சைவம்னும் அப்பவே சொல்லிருங்க. விலை கூடத்தான்

கடைக்கார சேகர்: சாயங்காலம் ரோட்டுக் கடையில சூடா மசாலா சீயம் அண்ணே அத விட்டுட்டீங்க

மாடிவீட்டு கவிதா: அப்ப சனிக்கிழமை ஆத்தங்குடி, கானாடுகாத்தான், மத்தியானம் இலைச் சாப்பாடு. ஞாயிறு காலைல கோயிலுங்க. ஆச்சி, கவுனி அரிசி எங்க சாப்பிடலாம்?

மீனாட்சி ஆச்சி: அதுக்கு எதுக்கு கடை. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு நேரா இங்க கூட்டிட்டு வந்துரு, நான் தேங்காயும் சீனியும் போட்டு வைக்கிறேன். சனிக்கிழமை ராத்திரியே ஊறப் போடணும், எத்தனை பேருன்னு மட்டும் சொல்லு

மாடிவீட்டு கவிதா: பாப்பாவோட அஞ்சு பேருங்க ஆச்சி 🙏