ரேடியாலஜி அட்வான்ஸ்டு + டிரான்சிஷனல் இயர்: ரேங்க் பட்டியலை எப்படி அடுக்குவது?

கேள்வி
சீனியர்களுக்கு வணக்கம். அமெரிக்க மேட்சுக்கு (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) ரேடியாலஜி 8, டிரான்சிஷனல் இயர் (ரேடியாலஜிக்கு முன் செய்யும் பொதுப் பயிற்சியான முதல் வருடம்) 5 இன்டர்வியூ முடிந்துவிட்டன. மேட்சை நடத்தும் என்ஆர்எம்பி தளத்தில் 13-ஐயும் ஒரே விருப்பப் பட்டியலில் (முதன்மைப் பட்டியல்) கலந்து போட்டிருக்கிறேன். இது சரியா? சென்னையில் முடித்த சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் கட்டாய இன்டர்ன்ஷிப்) முதல் வருடமாகக் கணக்கில் வருமா?

பதில் 1
இப்படியே சர்டிஃபை செய்துவிடாதீர்கள் (பட்டியலை உறுதிசெய்து சமர்ப்பிப்பது). முதன்மைப் பட்டியலில் மேலிருந்து எந்த இடம் முதலில் கிடைக்கிறதோ அதோடு முடிந்தது. மூன்றாவதாக வைத்த டிரான்சிஷனல் இயர் கிடைத்தால், அதற்குக் கீழே உள்ள ரேடியாலஜி எல்லாம் போச்சு. ரேடியாலஜியே கிடைத்தாலும், அந்தப் பட்டியலில் இருந்து முதல் வருட இடம் வராது.

முதன்மையில் ரேடியாலஜியை மட்டும் வையுங்கள். டிரான்சிஷனல் இயரை சப்ளிமென்டல் (துணை) பட்டியலில் போட்டு, ஒவ்வொரு அட்வான்ஸ்டு (இரண்டாம் வருடத்தில் தொடங்கும்) இடத்தோடும் தனித்தனியாக இணைக்க வேண்டும். ஒரே பட்டியலை எல்லாவற்றுக்கும் இணைக்கலாம். ஊருக்கு ஒன்றாகவும் வைக்கலாம். ஒன்றை இணைக்க மறந்து அதுவே கிடைத்தால், முதல் வருடத்துக்கு மேட்ச் வாரத்தில் சோப்பில்தான் (SOAP, நிரம்பாத இடங்களுக்கான சுற்று) தேட வேண்டும். எதை மாற்றினாலும் மறுபடி சர்டிஃபை செய்யுங்கள்.

பதில் 2
சிஆர்ஆர்ஐ கணக்கில் வராது. முதல் வருடத்தை ஏசிஜிஎம்இ (அமெரிக்க ரெசிடென்சிகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். அதில் ரேடியாலஜி எலெக்டிவ் மொத்தம் 2 மாதத்தைத் தாண்டக் கூடாது.

விசா முக்கியம். ரேடியாலஜி துறை ஜே-1 விசா ஏற்கும், டிரான்சிஷனல் இயர் மருத்துவமனை ஏற்காது என்ற நிலை உண்டு. அப்படிப்பட்ட டிரான்சிஷனல் இயரை ரேங்க் செய்யவே வேண்டாம். மேட்ச் முடிவு உங்களையும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்தும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. ரேடியாலஜி 8-ல் 2 இடங்களின் என்ஆர்எம்பி எண் 420சி0 என்று முடிகிறது. அவற்றுக்கும் சப்ளிமென்டல் பட்டியல் இணைக்கணுமா?

பதில் 1
வேண்டாம். 'சி' என்றால் கேட்டகாரிக்கல், முதல் வருடம் அதிலேயே அடக்கம். 420ஏ0 என்று முடியும் ஆறுக்கு மட்டும் இணையுங்கள். டிரான்சிஷனல் இயர் 999பி0 என்று முடியும்.

டிரான்சிஷனல் இயருக்கு டெர்மட்டாலஜி, அனஸ்தீசியா ஆட்களும் மோதுவார்கள். வெறும் 5 போதாது என்பது என் கருத்து. பிரிலிமினரி மெடிசின், பிரிலிமினரி சர்ஜரி (ஒரு வருடம் மட்டும் உள்ள இடங்கள்) இன்டர்வியூ ஏதாவது இருந்தால் சப்ளிமென்டலின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். ரேடியாலஜியே கிடைக்காவிட்டாலும் ஒரு வருடம் வேலை வேண்டும் என்றால், அந்த 5-ஐ முதன்மையிலும் எல்லா ரேடியாலஜிக்கும் கீழே வைக்கலாம்.