புதுப்பிப்பு: தங்கத் துகள் சோதனையும் கடலோர போர்வெல் தண்ணீரும்

தங்க நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத நுண்ணிய தங்கத் துகள்) கரைசலை வைத்துத் தண்ணீரில் ஈயம் பார்ப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். திருவையாற்றுத் தண்ணீருக்குச் சரி, கடலோர வேதாரண்யம் பக்கத்து உப்புக் கலந்த போர்வெல் தண்ணீருக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே ஊற்றினால் ஒத்துவராது.

சுமார் 13 நானோமீட்டர் துகள்கள் தனித்தனியாக மிதக்கும்வரை கரைசல் தண்ணீர் விட்ட பீட்ரூட் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். அவற்றை விலக்கி வைப்பது மேலே உள்ள எதிர்மின்னூட்டம். குளுட்டாதயோன் (ஈயத்தைப் பிடிக்கும் ஒரு சிறு மூலக்கூறு) பூசிய துகள்களை ஈய அயனி கோத்துச் சேர்த்தால் நீலமாகும். உப்பும் அந்த மின்னூட்டத்தை மறைத்து அதே வேலையைச் செய்துவிடும்! ஈயமே இல்லாமல் நீலம்.

நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கவிட்டால் உப்பு குறையும், ஈயமும் குறையும். குடிநீரில் ஈயத்தின் வரம்பே லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான்; பத்து மடங்கு நீர்த்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

அதனால் அதே தண்ணீரை இரண்டு சோதனைக் குழாயில் எடுத்து வையுங்கள். ஒன்றில் மட்டும் முதலில் கொஞ்சம் ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்), பிறகு இரண்டிலும் தங்கக் கரைசல். அது ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈடிடிஏ விட்ட குழாயும் நீலமானால் பெரும்பாலும் உப்பின் வேலை. அது சிவப்பாகவே நின்று மற்றது மட்டும் நீலமானால் ஏதோ உலோக அயனி இருக்கிறது. ஈயம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, கால்சியத்தையும் ஈடிடிஏ பிடிக்கும். அப்புறம் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.