மறு: பியூனிடிவ் ஸ்ட்ரைக் – தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நாடு செய்த தவற்றுக்காக இன்னொரு நாடு அதைத் தாக்குவதை ஆங்கிலத்தில் ‘பியூனிடிவ் ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் இதற்கு என்ன தமிழ் வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது. ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> செய்தித்தாள்கள் ‘பதிலடி’ என்றே எழுதுகின்றன. எல்லோருக்கும் புரிகிறது. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. அடி வாங்கியவன் திருப்பி அடித்தால்தான் பதிலடி. 2017 ஏப்ரல் 4 அன்று சிரியாவின் கான் ஷைகூனில் சாரின் நஞ்சுக்குப் பலியானவர்கள் அந்த ஊர் மக்கள், குழந்தைகள் உட்பட. மூன்றே நாளில் ஷைராத் விமானத் தளத்தின் மீது 59 டோமஹாக் ஏவுகணைகளை ஏவியது அமெரிக்கா. அமெரிக்காவை யாரும் அடிக்கவில்லையே! ஐ.நா. சாசனத்தின் 51ஆவது விதி தாக்கப்பட்ட நாட்டுக்கும் அதற்குத் துணை நிற்கும் நாடுகளுக்கும்தான் தற்காப்பு உரிமை தருகிறது. மற்றபடி படையை ஏவப் பாதுகாப்பு அவையின் ஒப்புதல் வேண்டும். 2017இலும் அது இல்லை, 2018இல் சிரியா மீது நடந்த அடுத்த தாக்குதலுக்கும் இல்லை. ‘பதிலடி’ என்று எழுதினால், இல்லாத உரிமையை நாமே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

‘மனிதநேயத் தலையீடு’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். 2018இல் பிரிட்டன் அரசு எழுத்தில் வைத்த வாதம் அது. தாக்கியவர் சொல்லும் நியாயத்தையே தாக்குதலுக்குப் பெயராக வைக்கக் கூடாது.

‘தண்டனைத் தாக்குதல்’ முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் தண்டனை என்றதும் அதற்கு முன் ஒரு விசாரணை நடந்ததாகத் தோன்றிவிடுகிறது. சிரியாவின் டூமா நகரில் நஞ்சு விழுந்தது 2018 ஏப்ரல் 7. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் தாக்கியது 14ஆம் தேதி. வேதி ஆயுதத் தடை அமைப்பின் ஆய்வாளர்கள் டூமாவுக்குள் போனதே 21ஆம் தேதிதான். சிரிய விமானப்படையே காரணம் என்று அந்த அமைப்பு அறிவிக்க 2023 ஜனவரி ஆயிற்று.

ஆகவே ‘ஒறுப்புத் தாக்குதல்’. ‘இன்னா செய்தாரை ஒறுத்தல்’ என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் நீதிபதி கிடையாது. அந்தக் குறள் சொல்லும் ஒறுப்பு, நன்மை செய்து நாணவைப்பதுதான். ஆனாலும் ஒருவர் தாமாகவே இன்னொருவரை ஒறுக்கிறார். நீதிபதி இல்லாமல் தாமாகவே ஒறுப்பது என்ற அந்த ஒன்று இங்கேயும் நடந்தது. ‘ஒறுப்படி’ என்று சுருக்கலாம் என்றால், ‘படி’ என்று பிரித்துப் படிக்கும் ஆபத்து இருக்கிறது.

சரி, தாக்கியது நியாயமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூத்தா பகுதியில் சாரின் வீசப்பட்ட பிறகு அமெரிக்கா தாக்கப்போவதாக மிரட்டியது, தாக்கவில்லை. பிரிட்டன் நாடாளுமன்றமோ 285–272 என்ற கணக்கில் மறுத்தேவிட்டது. அப்புறம் ரஷ்யாவும் அமெரிக்காவும் பேசி, சிரியா வேதி ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, சுமார் 1300 டன் நஞ்சு அழிக்கப்பட்டது. எல்லாம் போய்விடவில்லை, கான் ஷைகூனே அதற்குச் சாட்சி. ஆனாலும் பிறகு வந்த ஏவுகணைகள் இந்த அளவு நஞ்சை அப்புறப்படுத்தியதாகத் தெரியவில்லை. ஷைராத்தை அடித்து ஓராண்டில் டூமா நடந்தது. ஆகவே அந்தத் தாக்குதல்களை என்னால் ஏற்க முடியவில்லை. மிரட்டல் இல்லாமல் 2013 உடன்பாடு வந்திருக்காது என்பதையும் மறுக்க முடியவில்லை. அதனால்தான் ‘டிடெரன்ஸ்’ (அடி விழும் என்ற அச்சத்தாலேயே தவற்றைத் தடுப்பது) என்பதை இதோடு சேர்க்காமல் ‘அச்சத்தடுப்பு’ என்று தனிப்பதிவாக வைக்கக் கேட்கிறேன்.

சொற்பட்டியலுக்கு எடுத்துக்காட்டு: ‘2013இல் அச்சத்தடுப்பு முயற்சி, 2017இல் ஒறுப்புத் தாக்குதல்.’