தைப்பூசத்தன்று நின்றுபோன சிஐஎஃப் க்யூ: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

எபேன் ராக்கோழி
ஏபிஓ (எஸ்ஏபியின் உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள்) ஆட்களுக்கு, அதற்கும் ஈஆர்பி-க்கும் (ஆர்டர், ஸ்டாக் எல்லாம் பதிவாகும் மென்பொருள்) இடையே தரவை வரிசையாகக் கொண்டுபோகும் சிஐஎஃப் க்யூ நிற்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது ஒன்று இன்னும் உறுத்துகிறது. மொரீஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. துணி ஆலையின் இரவுத் திட்ட ரன்னுக்கு ஏது விடுமுறை? உள்வரும் க்யூவைக் காட்டும் எஸ்எம்கியூ2 திரையைத் திறந்தால் தலையில் ஒரு உற்பத்தி ஆர்டர் சிஸ்ஃபெயில், அதாவது பிழையில் நிற்கிறது. பின்னால் வந்ததெல்லாம் ரெடி என்று சாதுவாக நிற்கிறது. பிழைச் செய்தி, பொருளை ஒரு பயனர் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னது. பார்த்தால் ஆலையின் பிளானர், திருத்தும் திரையை மூடாமல் கிளம்பியிருக்கிறார்.

போன் போட்டேன். மனைவி எடுத்தார். காத்ர் போர்ன் மலைக்கோயில் படிக்கட்டு, பின்னால் ஒரே மேளச்சத்தம். “அவர் காவடி எடுத்திருக்கார், நாக்கில வேல், பேச முடியாது” என்று கிரியோலில் சொன்னார். சேமிக்காத வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேளம் மட்டும். “தலையை ஆட்டுறார்” என்றார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. பூட்டுகளைக் காட்டும் எஸ்எம்12-இல் பூட்டை எடுத்தேன், க்யூ கடகடவென ஓடியது. இல்லை என்று ஆட்டினாரா, தொடாதே என்று ஆட்டினாரா?

போர்ட் லூயி மாமா
தம்பி, எஸ்எம்12-இல் கை வைத்திருக்கவே கூடாது. பூட்டு போனாலும் அவர் செஷன் உயிரோடுதான் இருக்கும். திரும்பி வந்து சேவ் அடித்தால் நீங்கள் அனுப்பியதன் மேல் எழுதிவிடும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் எஸ்எம்04-இல் செஷனையே முடித்திருக்க வேண்டும்.

எனக்கு நடந்தது 2024 ஜனவரி பெலால் புயலில். ஊரே வெள்ளம், லைன் அறுந்து, வெளிச்செல்லும் க்யூவைக் காட்டும் எஸ்எம்கியூ1 முழுக்க சிபிஐசிஎர்ர், அதாவது இணைப்புப் பிழை. லைன் வந்த பிறகும் ஒன்றுகூட நகரவில்லை. இணைப்புப் பிழையில் மறுபடி அனுப்பிப் பார்க்கும் பின்னணி ஜாப் வேண்டாம் என்று, இணைப்புகளை அமைக்கும் எஸ்எம்59-இல் யாரோ டிக் போட்டு வைத்திருந்தார்கள். நின்ற க்யூவை மறுபடி கிளப்பும் ஆர்எஸ்கியூஓடபிள்யூகேஇஎக்ஸ் நிரலை ஓட்டி நகர்த்தினோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். தலையில் நிற்கும் எல்யூடபிள்யூவை (ஒரே தொகுப்பாகப் போகும் தரவு) டெலீட் அடித்தால் க்யூ ஓடும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த ஆர்டர் ஈஆர்பி-யில் ஒன்று, ஏபிஓ-வில் வேறொன்று என்று ஆகிவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால் பிறகு சிசிஆர் (இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் கருவி) ஓட்டுங்கள், அதுவும் க்யூ காலியான பிறகு. பாதியில் ஓட்டினால், வழியில் இருப்பதையெல்லாம் வித்தியாசம் என்று காட்டும். அதை நம்பி மறுபடி அனுப்பினால் இன்னொரு குழப்பம். முதலில் பிழை எந்தப் பக்கம் என்று பாருங்கள். பொருள் இன்டக்ரேஷன் மாடலில் (எதையெல்லாம் ஏபிஓ-வுக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல்) இல்லையென்றால் மறுபடி மறுபடி ஓட்டிப் பிரயோஜனமில்லை. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஆர்எஃப்சி பயனரின் பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டதா என்றும் பாருங்கள். காலையில் வந்ததும் க்யூ மானிட்டர், அப்புறம்தான் டீ.

ரோஸ் ஹில் அக்கா
மாமா, அவர் அறிவுரை கேட்கவில்லையே! எஸ்எம்04-இல் முடித்தால் மட்டும் என்ன, சேமிக்காதது போனது போனதுதான். அங்கே ஐடில் லாக்அவுட் (சும்மா இருக்கும் திரையைத் தானே மூடும் அமைப்பு) வைக்காததுதான் மூலக் கோளாறு. எங்கள் இடத்திலும் அதே கதை. ஒருத்தர் திரையை மூடாமல் சாப்பிடப் போனால் சர்க்கரை மூட்டை ஸ்டாக் முழுக்க நேற்றைய கணக்கில் நிற்கும். கிடங்கில் மூட்டை உத்தரம் வரை அடுக்கியிருக்கும், திட்டமோ இன்னும் மூட்டை கட்டச் சொல்லும். ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு அடுக்கைக் கையால் தட்டிக் காட்டினார். இன்றுவரை அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம்.

சரி, அந்தப் பிளானர் விஷயம் என்ன ஆச்சு?

எபேன் ராக்கோழி
எதுவும் திருத்தவில்லை என்றுதான் சொன்னார். கேட்டது அவருடைய மேனேஜர் எதிரில்.