நைட்ரஜனில் முக்கிய சென்சாரும் திடீர்ச் சரமும்

ஸ்கோப்வாசி:
ஒற்றை ஃபோட்டானையும் உணரும் ஒளிச் சென்சாரை 77 கெல்வினுக்கு, அதாவது திரவ நைட்ரஜன் குளிருக்கு, இறக்கினால் டார்க் கவுண்ட் (வெளிச்சமே இல்லாமல் வரும் பொய்ப் பல்ஸ்கள்) அடங்கிவிடும், நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அறை வெப்பத்தில் சதுர மில்லிமீட்டருக்கு நொடிக்குப் பல்லாயிரம் முறை துள்ளும் சிலிக்கான் ஃபோட்டோமல்டிபிளையர் என்ற அந்தச் சென்சார், திரவ நைட்ரஜனில் நொடிக்கு ஒன்றுகூடத் தராது. எங்களுடையதும் அடங்கியது. டூயரை (நைட்ரஜன் குடுவையை) கறுப்புத் துணியால் சுற்றிவிட்டு ஆசிலோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெறும் கோடு. திடீரென்று உயரமாக ஒரு பல்ஸ். அதன் பின்னாலேயே ஒற்றை ஃபோட்டான் உயரத்தில் சின்னச் சின்னதாகத் தடதடவென்று ஒரு சரம். அப்புறம் மறுபடி வெறும் கோடு. ராத்திரி முழுக்க அவ்வப்போது இதே கூத்து. யாராவது பார்த்ததுண்டா?

குளிர்ப்பெட்டி:
வெளிச்சக் கசிவு, வேறென்ன. எங்கள் கிரையோஸ்டாட்டில் (குளிர்க்கலத்தில்) வெற்றிடம் அளக்கும் அயனி கேஜின் இழை உள்ளேயே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்ததும் கவுண்ட் விழுந்தது. அதனால் முதலில் கேஜை அணையுங்கள். கேபிள் நுழையும் துளைகளைப் பாருங்கள், கறுப்பு டேப்பை நம்பாதீர்கள், சில டேப் அகச்சிவப்பை அப்படியே விடும். பயாஸையும் (சென்சாருக்குத் தரும் வோல்டேஜ்) பாருங்கள். குளிரில் பிரேக்டவுன் வோல்டேஜ் (சென்சார் பல்ஸ் தரத் தொடங்கும் அளவு) பல வோல்ட் இறங்கும். அறை வெப்பத்து பயாஸையே வைத்திருந்தால் அதற்கு மேலான ஓவர்வோல்டேஜ் எகிறி, ஆப்டர்பல்ஸும் (ஒரு பல்ஸின் பின்னாலேயே வரும் பொய்ப் பல்ஸ்) கிராஸ்டாக்கும் (பக்கத்துச் செல்லும் சேர்ந்து துள்ளுவது) கூடவே எகிறும். சரம் என்று நீங்கள் சொல்வது அந்த ஆப்டர்பல்ஸாகவும் இருக்கலாம்.

மியூவான்பித்து:
குளிர்ப்பெட்டி சொல்வதை ஏற்க முடியவில்லை. கசிவு என்றால் கவுண்ட் சீராக ஏறும். பெரிய பல்ஸுக்குப் பின்னால் மட்டும் வரிசை கட்டாது. ஆப்டர்பல்ஸ் மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும். எங்கள் சரங்களில் அடுத்தடுத்த பல்ஸின் இடைவெளியே மில்லிநொடிக் கணக்கு. டியூன் (DUNE) என்ற நியூட்ரினோ சோதனைக்காகச் சென்சார்களைக் குளிரில் ஆராய்ந்தவர்கள் 2021இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காஸ்மிக் துகள் பாயும்போது சென்சாரைச் சுற்றியுள்ள பொருள் மெல்ல ஒளிர்கிறது என்பதுதான் சந்தேகம். நான் டூயருக்கு மேலே 'சின்டிலேட்டர் பேடில்' ஒன்றை, துகள் பாய்ந்தால் ஒளிரும் பலகையை, வைத்தேன். மறக்காத காட்சி: பேடில் துகளைக் காட்டிய அதே கணத்தில் சரம் கிளம்பியது. எல்லாச் சரமும் அப்படிப் பொருந்தவில்லை, பேடில் சின்னது. திரவ ஆர்கானில் ஓரிரு ஃபோட்டானை நம்பி அளப்பவர்கள் சராசரி டார்க் கவுண்ட் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுப் போகக் கூடாது, சரத்தைத் தனியாகக் காட்ட வேண்டும்.

குளிர்ப்பெட்டி:
பேடில் எல்லாம் சரி. ஸ்கோப்வாசி கேஜை அணைத்தாரா இல்லையா?

ஸ்கோப்வாசி:
ஐயா, நைட்ரஜனில் நேரடியாக முக்கியிருக்கிறோம். கேஜே கிடையாது. பயாஸை அப்போதே குறைத்தாகிவிட்டது. மியூவான்பித்து, பேடில் எத்தனை பெரியது?